வேகமாக வருபவருக்கே வழி

ஒரு காட்டில் இடம் போதாமல் போயிற்று.

முன்பு அங்கே ஐந்து ஏரிகள் இருந்தன. இரண்டு கோடைகளில் நான்கு வற்றிவிட்டன. மிச்சமிருந்த ஒரே ஏரியைத் தேடி எல்லா மிருகங்களும் குடும்பத்தோடு வந்து சேர்ந்தன. ஒரு பொந்தில் மூன்று குடும்பம், ஒரு புற்றில் நான்கு குடும்பம் என்று நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தன. ஆந்தை வீட்டு மேல்கிளையில் வௌவால் குடிவந்தது. வீட்டில் யார் தலைகீழாக இருக்கிறார்கள் என்று இரண்டுக்கும் தினமும் வாக்குவாதம்.

குடியிருப்பிலிருந்து ஏரிக்குப் போக ஒரே ஒரு பாதைதான். அதில் யானைகள் போகும், காட்டெருமைகள் போகும், பன்றிகளும் மான்களும் போகும். காலுக்கடியில் யார் இருக்கிறார்கள் என்று அவை பார்ப்பதில்லை. பார்த்தாலும் அந்த உயரத்திலிருந்து தெரிவதில்லை. ஒருநாள் ஒரு தேரைக் குடும்பம் மயிரிழையில் தப்பியது. அதன்பிறகு சின்ன மிருகங்கள் எல்லாம் ஒன்றுகூடி, பாதையின் ஓரத்தில் கூழாங்கல் பதித்து, ஒரு சாண் உயரத்தில் ஒரு நடைபாதை கட்டின. அதன் ஒரு பக்கம் பெரிய பாதை. மறு பக்கம் சூரை முள் புதர். அகலம் கொஞ்சம்தான். ஆனாலும் ஆமை, காடை, தேரை, நத்தை எல்லாரும் பயமில்லாமல் ஏரிக்குப் போய்வந்தார்கள்.

அந்த நடைபாதையில் தினமும் போய்வருகிறவள் பூவாயி.

பூவாயி ஓர் எறும்புத்தின்னி. உடம்பெல்லாம் ஓடு வேய்ந்ததுபோல் செதில், நீண்ட மூக்கு, கொஞ்சம் மங்கலான பார்வை. அவள் யாரிடமும் வம்புக்குப் போகமாட்டாள். நல்ல பேச்சுக்குக்கூடப் போகமாட்டாள். அவ்வளவு கூச்சம். எதிரே யாராவது வந்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் போதும், தலையை வயிற்றுக்குள் விட்டுப் பந்தாகச் சுருண்டுகொள்வாள். கேட்டவர் நாலு வீடு தள்ளிப் போனபிறகு மெல்லத் தலையை நீட்டி, "நல்லா இருக்கேன்" என்பாள்.

அவளுக்கு அரும்பு என்று ஒரு குட்டி. எறும்புத்தின்னிக் குட்டிகள் தாயின் வால்மீது உட்கார்ந்துதான் ஊர் சுற்றும். அரும்பும் அப்படித்தான். மாலை வெயில் சாய்ந்ததும் பூவாயி முன்னே நடப்பாள். அரும்பு பின்னே உட்கார்ந்துகொண்டு, போன வழியையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டே வருவாள். ஏரிக்கரைப் புற்றுகளில் இரண்டு பேருக்கும் வயிறு நிறைய எறும்பு கிடைக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு குரங்கு டவுனிலிருந்து திரும்பி வந்தது.

அந்தக் குரங்கு ஆறு மாதம் பஸ் ஸ்டாண்டுக் கூரையில் குடியிருந்தது. எதைப் பார்த்தாலும் அதைப்போலவே செய்துபார்க்காமல் அதனால் இருக்கமுடியாது. நுங்கு எடுத்த பனங்காய் இரண்டைச் சக்கரமாக்கியது. நடுவே ஒரு பனைமட்டையை வைத்தது. முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கழியை நட்டது.

"இதன் பேர் ஸ்கூட்டர்" என்றது குரங்கு. "ஒரு காலை மட்டையிலே வைக்கணும். இன்னொரு காலாலே தரையைத் தள்ளணும். டவுனிலே எல்லாரும் இதிலேதான் போறாங்க. யாரும் நடக்கறதே இல்லை."

முதல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டவன் தீர்த்தமலை என்ற கீரி. அவன் அவசரக்காரன். சாப்பிடும்போதே எழுந்துவிடுவான். தூங்கும்போதும் ஒரு காலை வளைக்கு வெளியே வைத்துக்கொண்டுதான் தூங்குவான். அவன் ஸ்கூட்டரைப் பெரிய பாதையில் ஓட்டிப்பார்த்தான். யானைகள் நாலு நாலாகச் சேர்ந்து, குடும்பக் கதை பேசிக்கொண்டு, பாதையை அடைத்தபடி நடந்தன. இடையே புகுந்தால் நசுங்கிப்போவோம் என்று அவனுக்குப் புரிந்தது. உடனே வண்டியைத் தூக்கி நடைபாதையில் வைத்தான்.

நடைபாதை வழவழவென்று இருந்தது. வண்டி சறுக்கிக்கொண்டு ஓடியது.

"அடடா, இதை இத்தனை நாளா நடக்கிறதுக்கு வீணாக்கிட்டாங்களே" என்றான் தீர்த்தமலை.

ஒரு வாரத்தில் பதின்மூன்று ஸ்கூட்டர்கள் வந்துவிட்டன. முயலிடம் ஒன்று, மரநாயிடம் ஒன்று, அணில்கள் இரண்டு பேருக்குச் சேர்த்து ஒன்று. காலில் முள் ஏறி நொண்டிக்கொண்டிருந்த முள்ளம்பன்றியும் ஒன்று வாங்கி, மெதுவாக ஓட்டிக்கொண்டு ஏரிக்குப் போய்வந்தது. மற்றவை மெதுவாக ஓட்டவில்லை. ஓட்டாத நேரத்தில் வண்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக நடைபாதையிலேயே சாய்த்துவிட்டுப் போயின. நத்தை ஒரு வண்டியைச் சுற்றிக்கொண்டு போகக் காலையில் கிளம்பி, இருட்டுவதற்குள் அந்தப் பக்கம் போய்ச்சேர்ந்தது. அதற்குள் வண்டிக்காரர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய் வெகுநேரமாகியிருந்தது.

காடைக்கு ஒன்பது குஞ்சுகள். ஒவ்வொரு ஸ்கூட்டர் போனதும் நின்று எண்ணிப்பார்க்கும். எண்ணி முடிப்பதற்குள் அடுத்த ஸ்கூட்டர் வந்து குஞ்சுகளைக் கலைத்துவிடும். ஆமைக்குக் கோபம் வரும். ஆனால் அது வாயைத் திறந்து, "ஏம்ப்பா, உனக்குக் கண்ணு" என்பதற்குள் வண்டி கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருக்கும். மிச்சத்தை அடுத்து வருகிறவரிடம் சொல்லும். அவர் பாவம், நடந்து வருகிறவராக இருப்பார்.

தீர்த்தமலை ஒரு காய்ந்த வாகை நெற்றை வண்டியில் கட்டிக்கொண்டான். கலகலவென்று ஆட்டிக்கொண்டே வருவான்.

"ஒதுங்குங்க, ஒதுங்குங்க. அக்கா, ஒதுங்குங்க."

அந்தச் சத்தம் கேட்டாலே பூவாயி சுருண்டுவிடுவாள். சுருண்டால் நடைபாதையில் பாதி அடைபட்டுவிடும். தீர்த்தமலை பிரேக் பிடிக்க வேண்டிவரும். அந்த வண்டியில் பிரேக் என்றால், தரையில் வாலைத் தேய்ப்பதுதான். வால் எரியும்.

"இந்த நடைபாதையிலே நடக்கிறவங்களாலே பெரிய தொந்தரவு" என்று அவன் குரங்கிடம் சொல்லி வருத்தப்பட்டான்.

கடைசியில் விஷயம் காட்டுச் சபைக்குப் போயிற்று. சபைக்குத் தலைவர் யானையார். நல்லவர், எல்லாரையும் சமமாக மதிப்பவர். ஆனால் நடைபாதை என்று ஒன்று இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். அவருடைய ஒரு பாதம் அந்த நடைபாதையைவிட அகலம். பக்கத்தில் எழுத்தராக மரங்கொத்தி. சபையில் முடிவாவதையெல்லாம் ஏரிக்கரை வேங்கை மரத்தில் கொத்திவைப்பது அதன் வேலை. கொத்தினால் கொத்தியதுதான், அழிக்கமுடியாது. அதில் அதற்கு ஒரு பெருமை.

தீர்த்தமலை எழுந்து பேசினான்.

"தலைவரே, ஒருத்தர் மெதுவா போனா பின்னாலே வர்ற பத்துப் பேருக்கும் நேரமாகுது. அதனாலே ஒரு சட்டம் போடணும். நடைபாதையிலே வேகமா வர்றவங்களுக்கு, மெதுவா போறவங்க வழிவிடணும். அவ்வளவுதான்."

"கேட்க நியாயமாத்தான் இருக்கு" என்றார் யானையார். "நடக்கிறவங்க தரப்பிலே என்ன சொல்றீங்க?"

நடக்கிறவர்கள் தரப்பில் ஆமைதான் பேசுவதாக இருந்தது. ஆமை இன்னும் வழியில் வந்துகொண்டிருந்தது. காடை குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தது. எஞ்சியிருந்தவள் பூவாயி மட்டும்தான்.

யானையார் அவள் பக்கம் திரும்பி, அன்பாகவே கேட்டார். "நீங்க சொல்லுங்கம்மா. இதிலே உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருக்கா?"

சபையே திரும்பி அவளைப் பார்த்தது. பூவாயிக்குக் காது சூடாயிற்று. சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. அரும்பையும் சேர்த்து அணைத்துக்கொண்டு பந்தாகச் சுருண்டாள்.

மரங்கொத்தி கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு, "மறுப்பு இல்லை" என்று சொல்லிக்கொண்டே மரத்துக்குப் போய்க் கொத்த ஆரம்பித்தது.

குழந்தைகளே, சட்டம் மரத்தில் ஏறிய நாலாம் நாள் அது நடந்தது.

சாயங்காலம். பூவாயி நடைபாதையில் போய்க்கொண்டிருந்தாள். அரும்பு வால்மீது உட்கார்ந்து, புதரிலிருந்த ஒரு பட்டாம்பூச்சியைப் பார்த்தபடி வந்தாள். பின்னாலிருந்து நெற்றுச் சத்தம் கேட்டது.

"வழி, வழி. சட்டப்படி வழி."

பூவாயி புதர்ப் பக்கமாக ஒதுங்கத்தான் பார்த்தாள். அதற்குள் ஸ்கூட்டர் அவளை உரசிக்கொண்டு போயிற்று. வாலில் ஒரு இடி. திரும்பிப் பார்த்தாள். வால்மீது அரும்பு இல்லை.

கீழே பெரிய பாதையில் காட்டெருமை மந்தை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு குளம்பும் ஒரு பானை அளவு. அந்தக் குளம்புகளுக்கு நடுவே, புழுதியில், எலுமிச்சங்காய் அளவில் ஒரு பந்து உருண்டது. பயந்துபோய்ச் சுருண்டுகிடந்தாள் அரும்பு. ஒரு காட்டெருமை அதைக் கல் என்று நினைத்துக் காலால் தள்ளியது. பந்து இன்னொரு காட்டெருமையின் கால் பக்கம் போயிற்று.

பூவாயி அன்று சுருளவில்லை. நடைபாதையிலிருந்து குதித்தாள். நடைபாதை கட்டியபிறகு பெரிய பாதையில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. குளம்பு விழும், எழும். எழுகிற நேரம் பார்த்து நுழைந்து, விழுகிற நேரம் பார்த்து நின்று, நாலு காட்டெருமைகளின் வயிற்றுக்கடியில் புகுந்து போனாள். அரும்பை வாயால் கவ்வி எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி, நடைபாதையில் ஏறி உட்கார்ந்தாள்.

தீர்த்தமலை சற்று தூரத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"சக்கரம் லேசா நசுங்கிடுச்சு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே? நல்லவேளை. ஆனா சட்டம் இருக்கு பாருங்க. நீங்க ஒதுங்கியிருக்கணும்" என்றான்.

அவன் அவசரமாகப் போய்விட்டான்.

அன்றைக்கு அரும்பு வாலில் ஏற மறுத்துவிட்டாள். தாயின் வயிற்றுக்கடியிலேயே ஒட்டிக்கொண்டு நடந்தாள். வீடு வந்துசேர வழக்கத்தைவிட மூன்று பங்கு நேரமாயிற்று. படுக்கவைத்தபோது, "அம்மா, இனிமே ஏரிக்குப் போக வேண்டாம்" என்றாள்.

"போகாம எப்படிக் கண்ணு சாப்பிடறது?"

"எனக்குப் பசிக்கலை" என்றாள் அரும்பு. அவள் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது.

மறுநாள் காலையில் பூவாயி தனியாக வேங்கை மரத்தடிக்குப் போனாள். அங்கே யாரும் இல்லை. அது அவளுக்கு வசதியாக இருந்தது. மரத்தில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய், சட்டத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"நடைபாதையில் வேகமாக வருபவருக்கு, மெதுவாகப் போகிறவர் வழிவிட வேண்டும்."

மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை படித்தபோது, அதில் ஸ்கூட்டர் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனித்தாள். கீரி என்றும் இல்லை. வேகமாக வருபவர் என்று மட்டும்தான் இருந்தது.

பூவாயி சற்று நேரம் யோசித்தாள். பிறகு மான்கள் மேய்கிற புல்வெளிப் பக்கம் நடந்தாள்.

புள்ளிமான்கள் அன்றும் எரிச்சலோடுதான் இருந்தன. பெரிய பாதையில் யானைகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஒரு பாய்ச்சலில் போகக்கூடிய தூரத்தை அரை நாளாக நகர்ந்துவிட்டு வந்திருந்தன. அவற்றின் தலைவி ஒரு பிணைமான். எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிறவள். அவள் எங்கே போனாலும் மீதி நாற்பது மான்களும் ஏன் எதற்கு என்று கேட்காமல் பின்னாலேயே போகும்.

பூவாயி தரையைப் பார்த்தபடி, பாதி சுருண்டும் சுருளாமலும் நின்று, ஒரே மூச்சில் சொன்னாள்.

"நீங்க நடைபாதையிலே வரலாமே."

"அது சின்னவங்க பாதை ஆச்சேம்மா" என்றாள் பிணைமான்.

"மரத்திலே அப்படிப் போடலைங்க."

"அப்புறம் எப்படிப் போட்டிருக்கு?"

"வேகமா வர்றவங்களுக்கு வழின்னு போட்டிருக்கு."

பிணைமான் காதை நிமிர்த்தினாள். "நாங்க வேகமாத்தான் வருவோம்" என்றாள்.

"ஆமாங்க" என்றாள் பூவாயி. அதற்குமேல் நிற்க முடியாமல் கிளம்பிவிட்டாள்.

வழியில் அவள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றாள். காடை வீட்டில், தேரை வீட்டில், நத்தை வீட்டில். எல்லாரிடமும் ஒரே செய்திதான். "நாளைக் காலையிலே ஒரு வேளைக்கு யாரும் நடைபாதைக்கு வராதீங்க." பிறகு முள்ளம்பன்றியின் வீட்டைத் தேடிப் போய், "அண்ணா, நாளைக்கு வண்டியை எடுக்காதீங்க" என்றாள். பூவாயி ஒரே நாளில் இத்தனை பேரிடம் பேசியதைப் பார்த்த தேரை, அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டது.

ஆமையிடம் சொன்னபோது அது, "நான் நாளைக் காலைக்குப் போய்ச்சேரணும்னு இப்பவே கிளம்பிட்டேனே" என்றது. அதைப் பாதிவழியில் ஒரு பாறை இடுக்கில் பத்திரமாக உட்காரவைத்துவிட்டு வந்தாள்.

பொழுது விடிந்தது. நடைபாதையில் ஒரு காலடிகூட இல்லை. தீர்த்தமலைக்கு ஒரே சந்தோஷம்.

"பார்த்தீங்களா, சட்டம் வேலை செய்யுது" என்றான் பின்னால் வந்த முயலிடம்.

பன்னிரண்டு ஸ்கூட்டர்கள் வரிசையாக ஓடின. தீர்த்தமலை முன்னால் போனான். பாதிவழியில் கூழாங்கற்கள் லேசாக அதிர ஆரம்பித்தன. அவன் திரும்பிப் பார்த்தான். நடைபாதை முழுக்கக் கொம்புகள் தெரிந்தன.

நாற்பத்தொரு மான்கள் பாய்ந்து வந்தன. முன்னால் வந்த பிணைமான் மரியாதையாகவே கூப்பிட்டாள்.

"தம்பிகளே, கொஞ்சம் வழிவிடுங்க. நாங்க வேகமா வர்றோம்."

தீர்த்தமலை நெற்றை ஆட்டினான். நாற்பத்தொரு மான்களின் குளம்புச் சத்தத்தில் அது அவன் காதுக்கே கேட்கவில்லை. காலால் தரையை இன்னும் வேகமாகத் தள்ளினான். ஒரு கீரி எவ்வளவுதான் தள்ளினாலும் மானைவிட வேகமாகப் போக முடியுமா? ஒதுங்கலாம் என்று இடப்பக்கம் பார்த்தான், சூரை முள். வலப்பக்கம் பார்த்தான், காட்டெருமை. கண்ணை மூடிக்கொண்டு முள்ளைத் தேர்ந்தெடுத்தான்.

முயல் அவன்மேல் வந்து விழுந்தது. முயல்மேல் மரநாய் விழுந்தது. அணில்கள் இரண்டும் எங்கே விழுந்தோம் என்று தெரியாமல் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு கிடந்தன. பனங்காய்ச் சக்கரங்கள் நாலா பக்கமும் உருண்டு ஓடின. அவற்றைப் பார்த்த காட்டுப்பன்றிகள், இன்றைக்கு நடைபாதையில் பனங்காய் போடுகிறார்கள் என்று நினைத்து, குடும்பத்தோடு நடைபாதையில் ஏறின. குரங்கு ஒரு மரத்தின் உச்சியில் ஏறிக்கொண்டு, தான் செய்த வண்டிகளைப் பன்றிகள் ஒவ்வொன்றாகத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மதியமே சபை கூடியது. தீர்த்தமலை உட்கார முடியாமல் நின்றுகொண்டிருந்தான். பின்பக்கம் முழுக்க முள். மரநாய் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தது.

"தலைவரே, மான் நடைபாதையிலே வரலாமா? இதைக் கேட்க யாரும் இல்லையா?" என்றான்.

யானையார் மரங்கொத்தியைப் பார்த்தார். மரங்கொத்தி மரத்துக்குப் போய், சட்டத்தை உரக்கப் படித்தது.

"நாங்க அதன்படிதான் நடந்தோம்" என்றாள் பிணைமான். "வழிவிடச் சொல்லி முறையாகவும் கேட்டோம்."

"அது எங்களுக்காகப் போட்ட சட்டம்" என்றான் தீர்த்தமலை.

"மரத்திலே யார் பேரும் இல்லை" என்றது மரங்கொத்தி.

"அப்படின்னா சட்டத்தை மாத்தணும்."

யானையார் காதை விசிறிக்கொண்டார். "மாத்தறதுல யாருக்காவது மறுப்பு இருக்கா?"

"இருக்குங்க" என்றது ஒரு குரல்.

எல்லாரும் தேடினார்கள். குரல் ஒரு பந்துக்குள்ளிருந்து வந்தது. பூவாயி சுருண்டுதான் இருந்தாள். ஆனால் இந்தத் தடவை சுருண்டபடியே பேசினாள்.

"நல்ல சட்டம்தானுங்க. அப்படியே இருக்கட்டும்."

தீர்த்தமலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அக்கா, நீங்களா இப்படிச் சொல்றீங்க?"

"முந்தாநாள் என் குட்டி கீழே விழுந்தப்போ, நான் ஒதுங்காததுதான் தப்புன்னு நீங்க சொன்னீங்க தம்பி. இன்னைக்கு நீங்க ஒதுங்கியிருக்கணும், இல்லையா?"

"எப்படிக்கா ஒதுங்கறது?" என்றான் தீர்த்தமலை. அவன் குரல் உடைந்துவிட்டது. "ஒரு பக்கம் முள். இன்னொரு பக்கம் காட்டெருமை. பின்னாலே வர்றவங்க வேகத்துக்கு நம்ம கால் எப்படி ஈடு கொடுக்கும்? திரும்பிப் பார்க்கிறதுக்குள்ளே மேலே வந்துட்டா, இருக்கிற இடத்திலே இருக்கிறதைத் தவிர என்ன செய்யமுடியும்?"

பேசி முடித்த பிறகுதான் தீர்த்தமலைக்கே தான் என்ன பேசினோம் என்று உறைத்தது.

பந்து மெல்லப் பிரிந்தது. பூவாயி தலையை வெளியே நீட்டினாள்.

"அன்னைக்கு இதே சபையிலே நான் சொல்ல நினைச்சது இதைத்தான் தம்பி. எனக்குப் பேச வரலை. நீங்க அழகாச் சொல்லிட்டீங்க."

தீர்த்தமலை யானையாரிடம் திரும்பினான்.

"தலைவரே, சட்டத்தைத் திருப்பிப் போடுங்க. மெதுவா போறவங்களுக்கு, வேகமா வர்றவங்கதான் வழிவிடணும். நடைபாதை நடக்கிறவங்களுக்குத்தான். அதை நான் சொன்னேன்னே கொத்திக்கச் சொல்லுங்க."

"அதோட அந்த வண்டிகளையே ஒழிச்சுக் கட்டணும்" என்றது தேரை. பல பேர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

மூலையில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்ற முள்ளம்பன்றியின் முகம் வாடியது. பூவாயி அதைக் கவனித்தாள்.

"வேண்டாங்க" என்றாள். "நடக்க முடியாதவங்களுக்கு அது காலு மாதிரி. வண்டி இருக்கட்டும். வேற இடத்திலே ஓடட்டும்."

"வேற இடம் எங்கேம்மா இருக்கு?" என்றார் யானையார். "காட்டிலே இடம் இருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காதே."

பூவாயிக்குக் காது மறுபடியும் சூடாயிற்று. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"பெரிய பாதையிலே நீங்கள்ளாம் நாலு நாலா போறீங்க. ஒருத்தர் பின்னால ஒருத்தரா போனீங்கன்னா, மானுக்கும் இடம் வரும், ஓரத்திலே வண்டிக்கும் இடம் வரும்."

யானையார் இதை எதிர்பார்க்கவில்லை. அதுவரை ஊராருக்கு நியாயம் சொன்னவர், இப்போது தன் பக்கம் வந்ததும் தும்பிக்கையால் முதுகைச் சொறிந்துகொண்டார்.

"நாங்க பேசிக்கிட்டே போறது வழக்கம். ஒருத்தர் பின்னால ஒருத்தரா போனா எப்படிப் பேசறது?"

"சத்தமாப் பேசலாங்க" என்றாள் பூவாயி.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யானையாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து, ஒரு மரக்கட்டையைத் தும்பிக்கையில் பிடித்து, பெரிய பாதையின் ஓரத்தோடு ஏரிவரைக்கும் ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் பெரியவர்கள். இந்தப் பக்கம் சக்கரங்கள். அதற்கும் இந்தப் பக்கம், ஒரு சாண் உயரத்தில், நடக்கிறவர்கள். மரங்கொத்தி, அழிக்கமுடியாத பழைய சட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, புதிய சட்டத்தைக் கொத்த வேறு மரம் தேடிப் போயிற்று.

மூன்று நாள் கழித்து ஒரு மாலை. தீர்த்தமலை புதிய ஸ்கூட்டரில் கோட்டோரமாக வந்தான். அவனுடைய வளை முள்புதருக்குப் பின்னால் இருந்தது. அங்கே போக நடைபாதையைக் குறுக்கே கடக்க வேண்டும். இறங்கி வண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

நடைபாதையில் பூவாயி வந்துகொண்டிருந்தாள். அரும்பு இன்னும் வாலில் ஏறவில்லை. தாயின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, இரண்டடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். தீர்த்தமலையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

தீர்த்தமலை வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றான்.

அரும்பு அவனையே பார்த்தாள். அவன் நகரவில்லை. அப்போது கூழாங்கல் இடுக்கிலிருந்து வரிசையாகச் சிவப்பெறும்புகள் வந்தன. ஐந்து நாளாக அரைவயிறாகச் சாப்பிட்ட பிள்ளை, நடைபாதையின் நட்டநடுவில் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு எறும்பாக நக்கித் தின்ன ஆரம்பித்தது.

தீர்த்தமலைக்குப் பின்னால் முயல் வந்து நின்றது. அதற்குப் பின்னால் மரநாய், அதற்குப் பின்னால் அணில்கள்.

"என்ன ஆச்சு, ஏன் நிக்கறே?" என்று கேட்டது முயல்.

"சின்னப் பிள்ளை சாப்பிட்டுக்கிட்டு இருக்கு" என்றான் தீர்த்தமலை. "முடிக்கட்டும்."

எறும்பு வரிசை நீளமாக இருந்தது. கடைசி எறும்பும் தீர்ந்தபிறகு அரும்பு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். காத்து நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு தாயின் வால்மேல் ஏறி உட்கார்ந்து, "போகலாம்மா" என்றாள்.

நீதி: பொதுவழியில் நம்மைவிட மெதுவாகப் போகிறவரை நாம் எப்படி நடத்துகிறோமோ, நம்மைவிட வேகமாக வருகிறவர் நம்மையும் அப்படியே நடத்துவார்.